பூபாலன் கேட்காத கேள்வி

பூபாலனின் வலது கை மார்புக்கு மேலே எழ மறுத்தது.

மலையடிவாரத்து மடத்தில் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சமைத்துப் போடுபவர் அவர். இப்போது பரணிலிருந்து அண்டாவை இறக்க முடியவில்லை. சட்டை மாட்டுவதே பெரும்பாடாக இருந்தது. சமையல் போய்விட்டால் மடத்தில் தனக்கு என்ன இடம் என்ற நினைப்பு அவரை அரித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்கு. பிசியோதெரபிக்குப் போங்க" என்று சொல்லியிருந்தார். பூபாலன் அங்கே போகாமல் நேரே மடத்தின் குருவிடம் வந்து உட்கார்ந்தார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"சாமி, நீங்க ஒரு தடவை தொட்டா போதும்."

"தொட்டா?"

"சரியாயிடும்."

"எனக்குத் தோள்பட்டையைப் பத்தி ஒண்ணும் தெரியாதே" என்றார் குரு. "தெரிஞ்சவங்ககிட்ட போவோம். நானும் வர்றேன்."

பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய பலகை ஒன்று இருந்தது. எந்த வலியும் ஒரே நாளில் பறந்துவிடும் என்று அதில் எழுதியிருந்தது. இருவரும் உள்ளே போனதும் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் பூபாலனைப் படுக்கவைத்தார். என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்காமல் கையைப் பிடித்து முறுக்கப் போனார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் குரு. "பிசியோதெரபி எங்க படிச்சீங்க? பதிவு பண்ணியிருக்கீங்களா?"

அவர் கை நின்றது.

"எத்தனை பேரை எழுப்பி நடக்கவிட்டிருக்கேன் தெரியுமா? நம்பிக்கை இருந்தா படுங்க."

"சரிங்க. பதிவு இருக்கா?"

வெள்ளைக் கோட்டுக்காரர் பூபாலன் பக்கம் திரும்பினார். "என்ன ஐயா, உங்க சாமி மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி விசாரிக்கிறாரு?"

குரு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். பின்னாலேயே வந்த பூபாலனுக்குக் கூச்சத்தில் காது சுட்டது.

அரசு மருத்துவமனைக்குப் பின்தெருவில் ரெஜினா என்ற பிசியோதெரபிஸ்ட் இருந்தார். அங்கே உட்காருவதற்கு முன்பே குரு அதே கேள்வியைக் கேட்டார். பூபாலன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"தாராளமா பாருங்க" என்றது ரெஜினாவின் குரல்.

பூபாலன் கண்ணைத் திறந்தார். சுவரில் பட்டம் தொங்கியது. பக்கத்தில் பதிவுச் சான்று.

"அந்த நம்பரைச் சொல்லி பிசியோதெரபி கவுன்சில்ல கேளுங்க. என் பேர்தான் வரணும். வேற பேர் வந்தா எழுந்து போயிடுங்க."

குரு அங்கிருந்தே ஃபோன் போட்டு விசாரித்தார். ரெஜினாவின் பெயர்தான் வந்தது.

அதன் பிறகு ரெஜினா கேட்க ஆரம்பித்தார். எப்போதிலிருந்து வலி, எந்தப் பக்கம் படுத்தால் வலி, சர்க்கரை உண்டா, அண்டா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. கை எதுவரை எழுகிறது என்று அளந்து பார்த்தார். முறுக்கவில்லை, சொடுக்கெடுக்கவில்லை.

"கை போயிடுமா அம்மா?"

"போகாது ஐயா. தோள்மூட்டு இறுகியிருக்கு, அவ்வளவுதான். மாசக்கணக்குல ஆகும். ஆனா திரும்ப வரும்."

பூபாலன் நெஞ்சிலிருந்து பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சாஞ்சது போதும், எழுந்திருங்க" என்றார் ரெஜினா. "விரலை சுவர்ல வச்சு மெதுவா மேலே ஏத்துங்க. பல்லி மாதிரி."

"நீங்க பிடிச்சுவிட மாட்டீங்களா?"

"பிடிச்சும் விடுவேன். ஆனா என் கை வாரத்துக்கு ரெண்டு நாள்தான் கிடைக்கும். உங்க கை தினமும் உங்ககிட்டதானே இருக்கு?"

பல்லி கொஞ்சம் ஏறியது.

திரும்பும் வழியில், ஆட்டோவில், பூபாலன் மெல்ல ஆரம்பித்தார்.

"சாமி, நம்பிப் போற இடத்துல போய் இப்படிக் கேட்கலாமா? மரியாதைக் குறைவு இல்லையா? முதல் ஆளுக்கு எவ்வளவு கோபம் வந்துச்சு."

"அந்தம்மாவுக்கு வந்துச்சா?"

"இல்ல."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. குரு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூபாலன், பதினோரு வருஷமா என் முன்னால வந்து உட்கார்றீங்க. எங்க படிச்சீங்கன்னு என்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்லையே."

பூபாலன் குருவின் பக்கம் திரும்பினார்.

"கேளுங்க" என்றார் குரு. "நானும் அந்த முதல் ஆள் மாதிரிதானோங்கிற பயம் எனக்கும் தீரும்."