சற்குணம் துடைத்த பலகை

விளக்கு வைத்துச் சற்று நேரம் ஆகியிருந்தது. மடத்துக்குப் பின்னால், யாரோ பல்லை நறநறவென்று கடிப்பது போல ஒரு சத்தம்.

பூட்டுக்கடை சற்குணம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அது கிடக்கட்டும். வந்த விஷயத்தைச் சொல்லுங்க," என்றார் மடத்தை நடத்தும் உமையாள் அம்மை.

அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் மனசு கனத்தால் சற்குணம் வந்து உட்காரும் இடம் அவர் முன்னால்தான்.

"எதிர்க்கடைக்காரியைப் பார்த்தா வயிறு எரியுதும்மா."

"யாரு?"

"குழந்தைத்தெரசுன்னு ஒருத்தி. கடை போட்டு ஒன்றரை வருஷம். அவளும் பூட்டு, தாழ்ப்பாள்தான் விக்கிறா. நான் ஈ ஓட்டுறேன். அங்கே நிக்க இடமில்ல. அவ சிரிக்கிற சத்தம் என் கல்லாப்பெட்டி வரைக்கும் கேக்குது. இப்படியே போனா தை மாசம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"அவங்க சரக்கு உசத்தியோ?"

"ஒரே கம்பெனி. ஒரே லாரியில வந்து இறங்குது."

அம்மை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க விளம்பரம் பண்றதில்லையா?"

"நல்லா கேட்டீங்க. ஊர்ல இருக்கிற சுவரெல்லாம் என்னோடது. ஆட்டோவில மைக். தியேட்டர்ல இடைவேளைக்கு முந்தி என் மூஞ்சி. 'சற்குணம் தாழ்ப்பாள், திருடனும் கும்பிடுவான்.'"

"நல்லாத்தானே இருக்கு."

"நானே எழுதினது."

"அவங்க என்ன செய்றாங்க?"

"ஒரு கரும்பலகை. அவ்வளவுதான். தினம் ஒண்ணு எழுதி வாசல்ல வைக்கிறா. பூட்டுக்கு எண்ணெய் விடாதீங்க, பென்சில் தூள் போடுங்க. சாவி உள்ளேயே ஒடிஞ்சா இப்படி எடுங்க. கடைப்பேரு கூட அதுல கிடையாது. ஜனம் நின்னு படிக்குது, எழுதிக்கிட்டுப் போகுது. ஆறு மாசம் கழிச்சுப் பூட்டு வேணும்னா நேரா அங்கேதான் வந்து நிக்குது. என் பொண்டாட்டியே நம்ம வீட்டுப் பூட்டுக்குப் பென்சில் தூள் போட்டிருக்கா."

"நீங்க அந்தப் பலகையைப் படிக்கிறதுண்டா?"



"தினமும்."

மறுபடியும் அந்த நறநற. இந்தத் தடவை நீளமாக.

"இன்னும் ஏதோ பாக்கி இருக்கு," என்றார் அம்மை.

"போன செவ்வாய்க்கிழமை விடியறதுக்கு முந்திப் போய், ராத்திரி முழுக்க வாசல்லயே கிடந்த அந்தப் பலகையை ஈரத்துணியால துடைச்சுட்டு வந்துட்டேன்."

முறம் நிற்கவில்லை. "அப்புறம்?"

"என்ன எழுதியிருந்ததுன்னு கேட்டு அன்னிக்கு ரெண்டு மடங்கு கூட்டம்."

"என்னதான் எழுதியிருந்தது?"

"மழையில கதவு ஊதி, தாழ்ப்பாள் துளைக்கு நேரா வரலைன்னா என்ன செய்யணும்னு. எனக்கு முப்பது வருஷமாத் தெரிஞ்ச விஷயம்மா அது."

"யார்கிட்ட சொன்னீங்க?"

சற்குணம் பேச்சை மாற்றினார். "வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில நீங்க என் கடையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாப் போதும்," என்றார்.

"சொல்லலாம். முதல்ல அந்தச் சத்தம் என்னன்னு பார்த்துட்டு வாங்க. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க. உங்க பேரை மட்டும் சொல்லிடாதீங்க."

மடத்துக்குப் பின்னால் ஒரே ஓர் அறை வீடு. தூறல் விழுந்துகொண்டிருந்தது. சற்குணம் கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். சத்தம் நின்றது.

"யாரது?" பெண் குரல். நடுங்கியது.

"மடத்து அம்மா அனுப்பினாங்க. என்ன சத்தம்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நீங்க கதவைத் திறக்க வேண்டாம்மா."

"அம்மிக்கல்லுங்க. கதவுக்கு முட்டுக் கொடுக்க இழுத்துட்டு வரேன். தாழ்ப்பாள் விழ மாட்டேங்குது."

"பழசா?"

"புதுசுதான். சற்குணம் தாழ்ப்பாள். ஆட்டோவில சொல்லிட்டுப் போனாங்க, வாங்கினோம். கோடையில ஒழுங்காத்தான் இருந்தது. மழைக்கப்புறம் துளைக்கு நேரா வரல. அவரு லாரியோட போய்ப் பன்னெண்டு நாளாச்சு. கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படிங்க தூங்குறது?"

சற்குணம் கதவுக்கு ஓரடி கிட்டே வந்தார்.

"தெரசம்மா பலகையில இதுக்கு வழி போட்டிருக்காங்கன்னு போன திங்கக்கிழமை பக்கத்து வீட்டுல சொன்னாங்க. மறுநாள், செவ்வாய்க்கிழமை, கடை திறக்கிறதுக்கு முந்தியே பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். பலகை வெறுசா இருந்தது. யாரோ அழிச்சிட்டாங்க. பிள்ளை அழுததுல கடை திறக்கிற வரைக்கும் நிக்க முடியல."

அந்த ஈரத்துணி இன்னும் கையிலேயே இருப்பது போலிருந்தது அவருக்கு. உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார்.

"பிள்ளைக்கு வைக்கிற மை இருக்காம்மா?"

"கண்ணுக்கு வைக்கிறதா?"

"அதேதான். தாழ்ப்பாள் நுனியில தடவுங்க. கதவைச் சாத்தி, நுனியை நிலையில அழுத்துங்க. மை எங்கே ஒட்டியிருக்குன்னு பாருங்க."

கொஞ்ச நேரம் ஆயிற்று.

"துளைக்குக் கீழே. ஒரு நெல்லு அளவுதான்."

"அவ்வளவுதான் கோளாறு. மரம் ஈரத்துல மெத்துன்னு இருக்கும். கத்தி நுனியால அந்த இடத்தை மட்டும் சுரண்டுங்க. அவசரமில்ல. நான் இங்கேதான் நிக்கிறேன்."

உள்ளே சுரண்டும் ஓசை. குழந்தை சிணுங்கியது. "இரு கண்ணு, இரு." மறுபடியும் சுரண்டல்.

"ஏங்க, நீங்க தெரசம்மா கடை ஆளா?"

ஊர்ச் சுவரெல்லாம் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்த பேர், தொண்டை வரை வந்து நின்றது.

"இப்போ தள்ளிப் பாருங்கம்மா," என்றார்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.