நான்கு நண்பகல்களும் ஒரு சொல்லும்

முன்னொரு காலத்தில், ஒரு நாளைக்கு ஒரே ஒரு நண்பகல் மட்டும் வந்துகொண்டிருந்த நாடு ஒன்று இருந்தது. அந்த நாட்டு மன்னர் ஒரு நாள் ஊர்வலம் போகையில் பல்லக்கின் தண்டு முறிந்துபோனது. பக்கத்திலேயே ஒரு தச்சன் கதவு இழைத்துக்கொண்டிருந்தான்.

"இதைச் சரிசெய்துகொடு" என்றார் மன்னர்.

தச்சன் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். "அரசே, எனக்குத் தந்திருக்கும் முத்திரை கதவுக்கு மட்டும்தான். பல்லக்கு முத்திரைக்காரர் மகள் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்கிறார்."

அந்த நாட்டு வழக்கம் அப்படி. சங்கத்தாரிடம் முத்திரை வாங்காமல் எவரும் எந்தத் தொழிலும் செய்ய முடியாது. மன்னர் உச்சி வெயிலில் அரண்மனைவரை நடந்தார். உள்ளங்கால் கொப்பளித்தது. பாதத்துக்குச் சந்தனம் பூசிக்கொண்டே ஆணை பிறப்பித்தார்: "இன்றுமுதல் முத்திரை இல்லை, சோதனை இல்லை, சடங்கும் இல்லை. எவரும் எத்தொழிலும் செய்யலாம். வாங்குகிறவன் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும்."

சபை ஆரவாரித்தது. அரசவை விகடக்காரி அரியநாச்சியும் கைதட்டினாள். அவள் தட்டியது நடிப்பு அல்ல. அவளுடைய தங்கை செண்பகவல்லி நல்ல வைத்தியம் தெரிந்தவள். சங்கத்தார் பெண்ணுக்கு முத்திரை இல்லை என்று சொல்லிவிட்டதால், கொல்லைப்புறக் கதவு வழியாக ஒளிந்து ஒளிந்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவள். ஆணை வந்த மறுநாள் அவள் வீட்டின் தெருவாசல் கதவைத் திறந்துவைத்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் தலை குனியாமல் உள்ளே வந்தார்கள். அதைப் பார்த்த அன்று அரியநாச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கவைப்பதே பிழைப்பாகக் கொண்டவளுக்கு அது புதிதாக இருந்தது.

ஆனால் அதே ஆணைதான் எதிர்வீட்டுக் கதவையும் திறந்தது. நேற்றுவரை துணிக்குச் சாயம் தோய்த்துக்கொண்டிருந்த ஒருவன் அங்கே உட்கார்ந்து, குடுவைகளில் சிவப்புத் தண்ணீரை ஊற்றி, "சகல வியாதிக்கும்" என்று விற்கத் தொடங்கினான். கொல்லன் பல் பிடுங்கினான். சோதிடர் கிணறு வெட்டினார். ஓடக்காரர்கள் பெருகினார்கள். கூலி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒருவன் ஏறுகிறவர்களுக்குச் சுண்டல் கொடுத்தான். அவன் ஓடத்தில் ஏறிய கல்யாணக் கூட்டம், ஓடம் மூழ்கி, நடு ஆற்றில் இடுப்பளவு நீரில் இறங்கி நின்றது. முதல் ஆளாகக் குதித்துத் தப்பிய ஓடக்காரன் கரையில் நின்றபடி, "ஆழமில்லை, பயப்படாதீர்கள்!" என்று தைரியம் சொன்னான்.

எல்லாவற்றையும்விட மணிதான் பெரும் குழப்பம். முன்பு அரண்மனை மணிக்காரர் ஒருவர்தான் நண்பகல் அடிப்பார். இப்போது சந்தைக்காரர்கள் ஒரு மணி வைத்தார்கள், சத்திரத்தில் ஒரு மணி, ஆற்றங்கரையில் ஒரு மணி. அவரவருக்கு வசதியான நேரத்தில் அவரவர் அடித்தார்கள். ஊரில் நாள்தோறும் நான்கு நண்பகல் வந்தது. கணவன் ஒரு நண்பகலுக்குச் சாப்பிட வந்தான், மனைவி இன்னொரு நண்பகலுக்குச் சமைத்தாள்.

அரியநாச்சி சபையில் இவற்றையெல்லாம் நடித்துக்காட்டினாள். மன்னர் சிரித்தார், சிரித்து இருமினார். அவருக்குச் சில நாட்களாகவே இருமல். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளுக்குள் ஒரு கேள்வி கூடவே நடந்துவந்தது. 'நீ சிரிக்கவைத்தது சரி. உனக்கு இந்த ஆணை வேண்டுமா, வேண்டாமா?' தெருவாசலில் நோயாளிகளோடு தங்கையைப் பார்த்தால் வேண்டும் என்று தோன்றும். முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பினால் வேண்டாம் என்று தோன்றும். கழுத்தைத் திருப்புவதில் மாறிவிடுகிற எண்ணத்தை எண்ணம் என்று சொல்லலாமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அமைச்சர் ஏகம்பருக்கு அவள்மேல் வெகுநாள் பொறாமை. தான் ஒரு நாழிகை பேசியும் அசையாத மன்னர் அவள் புருவத்தை உயர்த்தினால் அசைகிறாரே என்ற வயிற்றெரிச்சல். ஆணையால் அவருக்கு ஒரு லாபமும் இருந்தது. மன்னர் கட்டச்சொன்ன புது மண்டபத்தை, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த தன் மைத்துனன் காங்கேயனிடம் ஒப்படைத்திருந்தார். இந்த விகடக்காரி ஆணையைப் பற்றி விளையாடிக்கொண்டே இருந்தால் ஒருநாள் மண்டபத்திலும் கை வைப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

ஒருநாள் சபையில், "அரசே" என்று எழுந்தார். "இவர் நாள்தோறும் தங்கள் ஆணையை நடித்துக்காட்டுகிறார். நாமும் சிரிக்கிறோம். ஆனால் ஆணை நன்று என்கிறாரா, தீது என்கிறாரா என்று எவருக்கும் விளங்கவில்லை. நாளை நண்பகல் புது மண்டபத் திறப்பு. அங்கே, மக்கள் முன்னால், ஒரே சொல்லில் பதில் சொல்லட்டும். இரண்டாவது சொல் வாயிலிருந்து வந்தாலோ, சொல்லாமல் மழுப்பினாலோ இவர் நாட்டைவிட்டுப் போகவேண்டும். இவர் தங்கையின் வாசலும் மூடப்படவேண்டும்."

மன்னருக்கும் உண்மையில் அதைத் தெரிந்துகொள்ள ஆசை. "அப்படியே ஆகட்டும். அரியநாச்சி, ஒரே சொல்."

"ஒன்றே போதுமா அம்மணி? உங்களுக்கு மூச்சு முட்டாதா?" என்று ஏகம்பர் சிரித்தார். சபையும் சிரித்தது. அரியநாச்சி பணிந்து வணங்கினாள். பொறி அவளுக்குப் புரிந்துவிட்டது. நன்று என்றால் ஆற்றில் நனைந்த கல்யாணக் கூட்டம் அவளைச் சும்மா விடாது. தீது என்றால் தங்கை மறுபடியும் கொல்லைப்புறத்துக்குப் போவாள்.

அன்று சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள்.

"எனக்காக ஏதாவது பொய் சொல்லிவைக்காதே, அக்கா" என்றாள் செண்பகவல்லி, அடுப்பில் கஷாயத்தைக் கிளறியபடி.

"எது பொய் என்று தெரிந்தால்தானே சொல்ல?"

"உனக்குத் தெரியாதா? ஊரையே நடித்துக்காட்டுகிறாய்."

"நடிக்கத் தெரிகிறது. நினைக்கத் தெரியவில்லை. அந்தச் சிவப்புத் தண்ணீர்க்காரனும் நீயும் ஒரே கதவைத்தானடி திறந்து வந்தீர்கள்."

செண்பகவல்லிக்கு முகம் சுருங்கியது. அவள் கஷாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, ஒரு வாய் குடித்துவிட்டு அக்காவிடம் நீட்டினாள். இத்தனை வருடங்களாக அவள் அப்படித்தான் கொடுப்பாள். அரியநாச்சி அன்றுதான் அதைக் கவனித்தாள்.

"ஏன் நீ முதலில் குடிக்கிறாய்?"

"குடிக்காமல் எப்படிக் கொடுப்பதாம்? கை நடுங்காதா?"

"முத்திரை வைத்திருந்த வைத்தியர்கள் குடித்தார்களா?"

"அவர்களுக்கு எதற்கு? அதுதான் முத்திரை இருந்ததே!"

அரியநாச்சி கசப்பை விழுங்கினாள். அந்த முதல் வாய் மனதில் எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள், நண்பகல் என்று சொல்லியிருந்ததால் ஊர் நான்கு தவணையாக வந்து சேர்ந்தது. அரியநாச்சி முதல் மணிக்கே வந்துவிட்டாள். மன்னர் இரண்டாவது மணிக்கு வந்தார். அமைச்சர் மூன்றாவது மணிக்கு வந்து, "நேரத்துக்கு வந்தேன்" என்றார். ஆற்றங்கரை மணி கடைசியாக அடித்தபின் மற்றவர்கள் ஓடிவந்தார்கள்.

மண்டபத்தின் நடு வளைவு கம்பீரமாகத்தான் நின்றது. அதைத் தாங்கிய முட்டுக்கட்டைகளில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை யானையிடம் விட்டிருந்தார்கள். மன்னர் சொன்னதும் யானை இழுக்கும், முட்டு விலகும், வளைவு தானே நிற்கும், அதுதான் திறப்பு.

"அரியநாச்சி, உன் ஒரு சொல்" என்றார் மன்னர்.

அவள் ஒரு கூடையோடு வளைவை நோக்கி நடந்தாள். அதிலிருந்து மூன்று வாழை இலைகளை எடுத்து வளைவின் நேர் கீழே வரிசையாக விரித்தாள். ஒவ்வொன்றிலும் தயிர்ச்சோறு வைத்தாள். நடு இலையில் தானே உட்கார்ந்தாள். பிறகு ஏகம்பரையும் காங்கேயனையும் பார்த்து, இரு பக்கத்து இலைகளையும் காட்டி, தன் ஒரே சொல்லைச் செலவழித்தாள்.

"வாருங்கள்."

அதோடு வாயை மூடிக்கொண்டாள். கூட்டம் குழம்பியது.

"இது பதிலா அரசே? நன்றும் இல்லை, தீதும் இல்லை! இது அரசவையா, கல்யாணப் பந்தியா?" என்று கூவினார் ஏகம்பர்.

"ஒரே சொல் என்றுதானே கேட்டீர்? எந்தச் சொல் என்று கேட்கவில்லையே" என்றார் மன்னர். அவர் கண்கள் இலைகளைவிட்டு அகலவில்லை. ஏதோ நினைவு வந்துகொண்டிருந்தது. "நான் சின்னவனாக இருந்தபோது கோட்டை வாசல் கட்டினார்கள். முட்டு எடுக்கும்போது கொத்தனார் மனைவி மக்களோடு வளைவுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார். சாரம் பிரிக்கும் சாப்பாடு என்பார்கள். அதற்குப் பிறகுதான் என் தந்தை அந்த வாசலில் நுழைந்தார். அந்த வழக்கம் என்ன ஆயிற்று?"

"சடங்கு எதுவும் வேண்டாம் என்று தாங்கள்தானே அரசே…" என்று இழுத்தார் ஏகம்பர்.

"வேண்டாம் என்றேன். கூடாது என்று சொல்லவில்லையே. பெண் கூப்பிடுகிறாள், போய் உட்காருங்கள்."

"இன்று எனக்கு ஏகாதசி."

"ஏகாதசி நேற்று."

"நான்கு மணி அடிக்கும் ஊரில் நேற்று எது, இன்று எது என்று எப்படி அரசே…"

"காங்கேயா, நீ?"

"வயிறு சரியில்லை, பிரபு." அவன் முகத்தில் வியர்வை வழிந்தது.

நடு இலையில் உட்கார்ந்திருந்த அரியநாச்சி தலையை உயர்த்தவில்லை. தலைக்குமேல் எவ்வளவு கனம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நன்றாகவே கட்டியிருந்தால் தான் அவமானப்படுவோம், மோசமாகக் கட்டியிருந்தால் நசுங்குவோம் என்பது மட்டும் தெரிந்தது. எதை விரும்புவது என்றுகூட அவளால் முடிவு செய்ய முடியவில்லை. சோற்றை மறுபடி மறுபடி பிசைந்துகொண்டிருந்தாள்.

"யாருக்கும் வேண்டாமா? எனக்குப் பசிக்கிறது" என்று சொல்லி மன்னர் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு இலையை நோக்கி நடந்தார். "பாகா, நான் உட்கார்ந்ததும் இழு."

"ஐயோ, வேண்டாம் அரசே!" காங்கேயன் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான். "மேலே சாந்து இல்லை! வெறும் களிமண்! சுண்ணாம்பு விலை தாங்காது என்று மச்சான்தான் சொன்னார்!"

செண்பகவல்லி கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மன்னர் விலகி நின்று தலையசைத்தார். யானை இழுத்தது. வளைவு ஒரு கணம் யோசித்தது போல நின்று, பிறகு மொத்தமாகத் தயிர்ச்சோற்றின்மேல் உட்கார்ந்தது.

புழுதி அடங்கியபோது மன்னர் இருமிக்கொண்டிருந்தார். ஏகம்பர் இருமலை முந்திக்கொண்டு பேசினார். "பார்த்தீர்களா அரசே, முத்திரை இல்லாததால் வந்த வினை! உடனே எல்லாருக்கும் முத்திரையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். முதலில் இந்தப் பெண்ணின் வாசலை மூடுவோம்."

செண்பகவல்லி அதைக் காதில் வாங்கவில்லை. இருமுகிற ஒருவர் எதிரில் நின்றதால் இடுப்பிலிருந்து குப்பியை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றினாள், ஒரு வாய் குடித்தாள், நீட்டினாள்.

மன்னர் கிண்ணத்தைப் பார்த்தார். "உனக்கு முத்திரை உண்டா?"

"இல்லை, அரசே."

"என் ஆணைப்படி உன்னை யாரும் சோதிக்கவும் முடியாது. பின் ஏன் நீ குடித்தாய்?"

அவள் விழித்தாள். "கொடுக்க வேண்டுமே, அரசே."

மன்னர் குடித்தார். இருமல் உடனே நிற்கவில்லை, ஆனால் தணிந்தது. அவர் அரியநாச்சியிடம் திரும்பினார். "இப்போது எத்தனை சொல் வேண்டுமானாலும் தந்தேன். சொல். என் ஆணை நன்றா, தீதா?"

அவள் புழுதி படிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விகடம் ஏதாவது வருமா என்று உள்ளே தேடிப்பார்த்தாள். உண்மைதான் வந்தது.

"தெரியவில்லை, அரசே. அந்த ஆணையால் என் தங்கை வாசலுக்கு வந்தாள். அதே ஆணையால் இந்த வளைவும் வந்தது. முத்திரை இருந்த காலத்தில் வைத்தியர்கள் குடிக்கவில்லை. முத்திரை போனபின் கொத்தனார் உட்காரவில்லை. எனக்கு இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது."

மன்னர் அவளையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "இந்தச் சபையில் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல ஒருத்தியாவது இருக்கிறாளே! இவர்கள் எல்லாரும் எல்லாம் தெரிந்துதானே என்னை இந்த வளைவுக்குக் கீழே அனுப்பப் பார்த்தார்கள்!"

அப்போதே அவர் ஆணையைத் திருத்தினார். எவரும் எத்தொழிலும் செய்யலாம், முத்திரை வேண்டாம். ஆனால் கொடுப்பவன் முதலில் குடிக்கவேண்டும், கட்டியவன் முதலில் கீழே உட்காரவேண்டும், ஓடம் விடுபவன் தன் பிள்ளையோடு ஏறவேண்டும். ஏகம்பரும் காங்கேயனும் மண்டபத்தைத் தங்கள் செலவில் மறுபடி கட்டி, இருவர் குடும்பமும் கீழே உட்கார்ந்து சாப்பிடவேண்டும். ஏகம்பரின் மனைவி அதைக் கேட்டதும் கணவரைப் பார்த்த பார்வையில், சுண்ணாம்பு எவ்வளவு விலையானாலும் வந்துவிடும் என்று ஊருக்குத் தெரிந்துபோனது.

"உனக்கு என்ன வேண்டும், அரியநாச்சி? பொன்னா, பட்டா?"

"ஒரு நண்பகல் போதும், அரசே. மணி அடிக்கிறவர் செருப்பில்லாமல் வெட்டவெளிப் பாறைமேல் நின்று, தன் நிழல் காலடியில் ஒடுங்கியதை ஊருக்குக் காட்டிவிட்டு அடிக்கட்டும்."

கொப்பளித்த உள்ளங்கால் நினைவு வந்ததோ என்னவோ, மன்னர் மறுபடியும் சிரித்தார். அதோடு பொன்னும் பட்டும் கொடுத்தார்.

மறுநாள் அரியநாச்சி அடுப்படியில் இருந்தபோது மணி அடித்தது. அவள் கை வேலையை நிறுத்திவிட்டு, பழக்கத்தில் அடுத்த மணிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. சந்தைக்காரனுக்கும் சத்திரத்தானுக்கும் ஆற்றங்கரைக்காரனுக்கும் பாறை சுட்டிருக்க வேண்டும். இந்தப் புது ஆணை எல்லாவற்றையும் சரிசெய்துவிடுமா என்று யோசித்தாள். கிணறு வெட்டும் சோதிடர் எதன் கீழே உட்காருவார்? இலையைப் போட்டாள், சோற்றைப் பிசைந்தாள். இங்கே தலைக்குமேல் வளைவு எதுவும் இல்லை. ஆனாலும் முதல் கவளத்தை எடுக்கும்முன் தலையை நிமிர்த்தி, தன் வீட்டுக் கூரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.