காத்தாயி முணுமுணுத்த குற்றம்

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டையை இரணகேசரி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் கட்டியக்காரன் முன்னால் நின்று புகழ் கூவாவிட்டால் அவருக்கு ஒரு காரியமும் ஓடாது. குளிக்கப் போனாலும் "பராக்!", சாப்பிட உட்கார்ந்தாலும் "பராக்!" தினமும் காலையில் முற்றத்தில் தொங்கும் எலுமிச்சம்பழத்தை அம்பால் அடித்துவிட்டுத்தான் சபைக்கு வருவார். கட்டியக்காரன் நல்லமுத்து, "குறி தவறாத கோமான், பராக்!" என்று கூவுவான், பழம் சிதறும். இருபது வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

அந்த வருஷம் தினைக்காட்டுக் காவலுக்குத் தலைமை ஆள் தேவைப்பட்டது. அதே எலுமிச்சம்பழத்தைக் கவண்கல்லால் அடிக்க வேண்டும், ஆளுக்கு இரண்டு கல், ஜெயித்தவருக்கு வேலையும் குடியிருக்க வீடும் என்று ராஜா அறிவித்தார். சேனாபதி கோளரி தன் மருமகனை இறக்கினார். அவன் இரண்டு கல்லையும் கோட்டை விட்டான்.

அடுத்து வந்தவள் காத்தாயி. புருஷனை இழந்து, இரண்டு பெண் குழந்தைகளோடு சத்திரத்தில் ஒதுங்கியிருந்தவள். கவணை எடுத்ததும் அவள் உதடு அசைந்தது.

"காத்தாயி, பதறாதே. இதைவிடச் சின்னக் குருவியெல்லாம் விரட்டின கைதானே? மூச்சை விடு. ம், சுத்து!"

முதல் கல் தவறியது. "சரி, போகட்டும். கொஞ்சம் வலப்பக்கம். அடுத்த கல்லு" என்றாள் தனக்குத்தானே. இரண்டாம் கல்லில் பழம் நசுங்கியது.

கோளரிக்கு வயிறு எரிந்தது. "மன்னா, இவள் தனக்குத்தானே பேசுகிறாள். பைத்தியம்! பைத்தியத்தின் கையிலா நம் தினைக்காடு?"

ராஜாவின் மனசு எந்தப் பக்கம் தள்ளினாலும் உருளும். "எனக்கும் அப்படித்தான் பட்டது! இனி இந்த நாட்டில் தனக்குத்தானே பேசுகிறவர் யாராக இருந்தாலும் எல்லைக்கு வெளியே போக வேண்டும். நாளைக் காலை இவளிலிருந்து ஆரம்பியுங்கள்" என்று ஆணையிட்டார்.

ஜெயித்ததற்கு யாரையாவது நாடு கடத்துவார்களா? காத்தாயி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மந்திரி தெய்வச்சிலையார் மெல்லக் கனைத்தார். "ஆணை ஆணைதான் மன்னா. எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். காதில் விழும் சொல்லுக்கும் கையின் குறிக்கும் சம்பந்தம் உண்டா?"

"துளிகூட இல்லை. கண்ணும் கையும் போதும்."

"அப்படியானால் நாளைக்குக் கட்டியத்தை நான் எழுதித் தருகிறேன். எதைக் கேட்டாலும் மன்னர் கோபிக்கக் கூடாது."

"வாக்குக் கொடுத்தேன்!" என்று ராஜா மீசையை முறுக்கினார்.

மறுநாள் காலை சபையே முற்றத்தில் கூடியிருந்தது. ஒரு மூலையில் காத்தாயி மூட்டை முடிச்சோடு, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜா வில்லை வளைத்தார். நல்லமுத்து ஓலையைப் பிரித்து, வேர்த்து விறுவிறுத்துக் கூவினான்.

"நேற்றுத் தோள் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டவர், பராக்! வெயில் கண்ணைக் கூசுகிறதே, பராக்! ஊரே பார்க்கிறது, தவறினால் என்ன ஆகுமோ, பராக்! பராக்!"

அம்பு பறந்தது. எலுமிச்சம்பழம் அசையவே இல்லை. வாசலில் கட்டியிருந்த திருஷ்டிப் பூசணிக்காயில் அம்பு குத்தி நின்றது.

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. வாக்குக் கொடுத்துவிட்டதால் கத்தவும் முடியவில்லை. அவர் வில்லைத் தாழ்த்துவதைக் காத்தாயி பார்த்தாள். தன்னைத் துரத்துகிற மனுஷன்தான் என்றாலும் அவளுக்குப் பாவமாக இருந்தது.

"மகாராசா, தவறிப்போச்சுன்னு நெனைக்காதீங்க. அடுத்த அம்புன்னு சொல்லிக்குங்க. நான் அப்படித்தான் சொல்லிக்குவேன்" என்றாள்.

ராஜா இன்னொரு அம்பை எடுத்தார். நல்லமுத்துவைப் பேசாதே என்று கையமர்த்தினார். "கேசரி, பதறாதே. இருபது வருஷம் அடித்த கைதானே? மூச்சை விடு" என்று அவர் உதடுகள் முணுமுணுத்தன. பழம் சிதறியது.

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். மந்திரி மட்டும் கைகட்டி நின்றார். "மன்னா, எல்லைக்குப் பல்லக்கு தயார் செய்யச் சொல்லட்டுமா?"

"யாருக்கு?"

"இப்போது தனக்குத்தானே பேசியவருக்கு."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "மாட்டிக்கொண்டேன், மந்திரி!"

"உங்களுக்கு முன்னால் கட்டியக்காரன் நடக்கிறான் மன்னா. இவளுக்கு முன்னால் யார் நடப்பது? அதனால் தனக்கு வேண்டியதைத் தானே சொல்லிக்கொண்டாள்."

ராஜா ஆணையை அங்கேயே ரத்து செய்தார். காத்தாயிக்கு வேலையும் வீடும் கொடுத்தார். பிறகு கோளரியின் மருமகனைக் கூப்பிட்டு, "கல் எறியும்போது உன் மனசுக்குள் என்ன ஓடியது?" என்று கேட்டார்.

அவன் தலை குனிந்தான். "தோத்தா என் வீட்டுப் படி ஏறாதேன்னு மாமா சொன்னார். அதையேதான் நானும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"பாவம், நீ காத்தாயியிடமே காவலுக்குச் சேர்ந்துகொள்" என்றார் ராஜா. கோளரி பக்கம் திரும்பினார். "சேனாபதி, மருமகனுக்கு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத வாய் கொஞ்சம் பழகட்டும். தினைக்காடுவரை காத்தாயிக்கு முன்னால் நீர் கட்டியம் கூறிப் போகவேண்டும்."

கோளரி பல்லைக் கடித்துக்கொண்டு, "காத்தாயி வருகிறாள், பராக்!" என்று ஆரம்பித்தார்.

காத்தாயி குழந்தைகளை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க ஐயா, தொண்டை கட்டிக்கும். எனக்குன்னு ஒரு கட்டியக்காரி உள்ளேயே இருக்கா" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி நடந்தாள்.