கரிசலுக்கு அளந்த அளவு

“ஆடு செத்ததுக்குக் காரணம் என் மருந்து இல்லைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டீச்சர். அது போதும்.”

ஆவுடையப்பன் இரண்டு மஞ்சப்பைகளை மேசைமேல் வைத்தார். ஒன்றில் கரிசல் மண், மற்றதில் ஓடைக்கரை மணல்.

மண் பரிசோதனை நிலையத்துச் செண்பகத்துக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் சுற்றுவட்டாரம் முழுக்க அவளுக்கு மண் டீச்சர் என்றே பெயர்.

ஆவுடையப்பன் முப்பது வருஷமாகத் தன் கரிசல் காட்டுப் பயிருக்குக் கறையான் மருந்து ஊற்றுகிறார். பக்கத்துக் கிணற்றுக்கு ஒரு கேடும் வந்ததில்லை. இந்த வருஷம் ஓடைக்கரை மணல் காட்டிலும் அதே மருந்து, அதே அளவு. ஒரு மழை பெய்தது. கீழே இருக்கும் தங்கை பூரணத்தின் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து அவளுடைய மூன்று ஆடுகள் செத்தன.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நடிக்காதே என்று, அழுது நின்ற அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார்.

மனைவி போனபின் அந்த வீட்டுக்குள் வந்துபோன ஒரே ஆள் பூரணம்தான். அவளும் நின்றுவிட்டாள். மூன்று மாதமாகத் தானே பொங்கி, பேச்சுத்துணைக்கு ரேடியோவைப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறார்.

“எல்லார்கிட்டயும் பேசுற மாதிரிதான் அவகிட்டயும் பேசுறேன் டீச்சர். மத்தவங்க சும்மா இருக்காங்க. இவளுக்கு மட்டும் உடனே கண்ணு கலங்கிரும்.”

செண்பகம் இரண்டு கொட்டாங்கச்சிகளின் கண்ணைத் துளைத்துப் பஞ்சு வைத்து, ஒன்றில் மணலும் ஒன்றில் கரிசலும் நிரப்பி, டம்ளர்கள்மேல் வைத்தாள். நீலச் சாயம் கரைத்த தண்ணீரை அவரிடமே கொடுத்து, இரண்டுக்கும் ஒரே அளவு ஊற்றச் சொன்னாள்.

அளவில் அவர் கை தவறாது. ஊரே சொல்லும்.

மணல் வழியே தண்ணீர் உடனே ஒழுகியது. டம்ளரில் அதே நீலம்.

கரிசலில் ஆற அமர இறங்கியது. மதியம்வரை உட்கார்ந்திருந்தார். அவருக்காகக் காத்திருக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? சொட்டியதெல்லாம் தெளிந்த தண்ணீர்.

“நீலம் எங்க போச்சு?”

“கரிசல் பிடிச்சு வச்சுக்கிருச்சு அண்ணாச்சி. மணலுக்குப் பிடிச்சு வைக்க வலு கிடையாது.”

“ஒரே அளவுதான ஊத்துனேன்?”

“ஆமா. கரிசலுக்கு அளந்த அளவு.”

அவர் மணல் கொட்டாங்கச்சியைத் தூக்கி, அடியில் இருந்த நீல டம்ளரைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. சீட்டைப் பற்றிப் பிறகு அவர் பேசவேயில்லை. அந்த டம்ளரை எடுத்துப் போகலாமா என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மைல். ஓடைக்கரை வழியாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்தார்.

பூரணம் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“என்ன அது?”

“என் மருந்து, தாயி.”