நிறம் நிலையாக நிற்கும் வரை

பனைவிளை மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவில், கடைசி பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். சூசைமாணிக்கம், ஐயம்பெருமாள், தவசிக்கனி. மூவரில் புத்திசாலி தவசிக்கனிதான். அப்படியென்றால் மற்ற இருவரும் எப்படி இருந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

தவசிக்கனிக்குத் தன் மூளையைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் ஏதும் கிடையாது. கடவுள் எல்லோருக்கும் அளந்து போட்டுக்கொண்டே வந்து, தன் முறை வந்தபோது மூட்டையை உதறியிருக்க வேண்டும் என்று அவனே சொல்வான். முதல் மாதத் தேர்வில் வேதியியலில் பதினெட்டு வாங்கினான். அதிலும் ஐந்து, பெயரைப் பிழையில்லாமல் எழுதியதற்காக டீச்சர் இரக்கப்பட்டுப் போட்டது என்பது அவன் கணிப்பு.

பதினெட்டு வாங்கியதில் அவனுக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் தங்கை பொற்கொடியால் வந்தது. அவள் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு, நன்றாகப் படிப்பவள். பதினொன்றில் தேறாதவர்களை மறுபடியும் அதே வகுப்பில் உட்காரவைப்பது பனைவிளை வழக்கம். தேறாவிட்டால் அடுத்த ஆண்டு அண்ணனும் தங்கையும் ஒரே வகுப்பு. அவள் எழுந்து பதில் சொல்வாள், அவன் பதில் தெரியாமல் பெஞ்சின் மேல் ஏறி நிற்பான்.

அந்த நேரத்தில்தான் வேதியியல் ஆசிரியை ஞானசவுந்தரி டீச்சர் ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்தார். வகுப்பில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், ஆய்வகத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று இரண்டு பக்கமும் தட்டச்சு செய்திருந்தது. எழுத்துத் தேர்வு எழுபதுக்கு. செய்முறைக்கு இருபது. காகிதத்தில் உள்ளபடி ஒழுங்காக நடந்தால் பத்து.

"ஏலே, இது நமக்குன்னே அடிச்ச காகிதம்," என்றான் தவசிக்கனி. "இத்தனை வருஷமா என் தலையை நம்பி மோசம் போயிட்டேன். இனிமே யோசிக்கிறதே இல்லை. காகிதம் சொல்லுதபடி செய்வோம்."

"யோசிக்காம இருக்கிறது நம்மால முடியும்," என்று ஐயம்பெருமாள் ஒப்புக்கொண்டான்.

காகிதத்தின் முதல் வரி, மணி அடிக்கும்போது ஒவ்வொருவரும் தம் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது. செய்முறை வகுப்பு தொடர்ந்து இரண்டு பீரியட். ஆய்வகம் மைதானத்துக்கு அந்தப் பக்கம். முதல் பீரியட் முடிந்ததற்கு நடுவில் மணி அடித்தது. மூவரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு மைதானத்தைக் கடந்து ஓடி, வகுப்பில் தங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி ஓடிவந்தார்கள். அதற்குள் அவர்கள் அடுப்பில் வைத்த சோதனைக்குழாய் பொங்கி, பக்கத்துப் பையனின் ரெக்கார்டு நோட்டு பாதி கரிந்திருந்தது.

எங்கே போனீர்கள் என்று டீச்சர் கேட்டார். சொன்னார்கள். அடுத்த வாரம் மூவரும் பெஞ்சையே தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார்கள். ஓடுகிற வேலை மிச்சம் என்று தவசிக்கனி பணிவாக விளக்கினான்.

மார்கழி பிறப்பதற்கு முன்னால், கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில், டீச்சரின் தம்பிக்குக் கல்யாணம். டீச்சர் விடுப்பில் இருந்தார். அன்றைக்குப் பார்த்துச் சூசை ஒரு சோதனைக்குழாயைக் கீழே போட்டான். மூவரும் அதைச் சுற்றி நின்றார்கள்.

"கண்ணாடிச் சாமான் உடைந்தால் உடனே ஆசிரியையிடம் தெரிவிக்க வேண்டும்," என்று தவசிக்கனி வாசித்தான்.

"டீச்சர் கோவில்பட்டியிலல்லா இருக்காங்க. நாளைக்கழிச்சு வருவாங்க, அப்போ சொல்லுவோமா?" என்றான் சூசை.

"நாளைக்கழிச்சு சொல்லுதது எப்படில உடனே ஆகும்?"

"ஆகாது," என்றான் சூசை. நியாயம் தெரிந்த பையன் அவன்.

மதிய பஸ்ஸில் கோவில்பட்டி போனார்கள். மண்டபத்தில் மொய்க்காரர்கள் வரிசை நீளமாக நின்றது. குறுக்கே புகுவது மரியாதை இல்லை என்று மூவரும் வரிசையில் நின்றார்கள். மேடை ஏறியதும் மாப்பிள்ளை, ஏதோ பரிசு என்று நினைத்து, சூசை கையில் இருந்த காகிதப் பொட்டலத்தைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். பொட்டலத்துக்குள் கண்ணாடித் துண்டுகள் சலசலத்தன. வீடியோக்காரர் எல்லோரையும் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்.

"உடைஞ்சு போச்சு டீச்சர்," என்றான் தவசிக்கனி, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற டீச்சரிடம்.

பெண் வீட்டார் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன உடைந்தது, எது உடைந்தது என்று கேட்டுத் தெளிவாவதற்குள் பெண்ணின் பெரியம்மா ஒருவர் அபசகுனம் என்று அழவே ஆரம்பித்துவிட்டார்.

டீச்சர் அவர்களைத் தரதரவென்று பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார். "சாப்பிட்டுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்குப் போங்கப்பா. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்," என்றார். மூவரும் இலை முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். சோறு வந்தது, சாம்பார் வந்தது, பாயசமும் வந்தது. ஆய்வகச் சாமானைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது என்று காகிதத்தில் இருந்தது. மண்டபத்துக் குழாயடியில் சோப்பு இல்லை. பாயசத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்து வந்ததுதான் அந்த வருஷத்திலேயே தவசிக்கனிக்குக் கடினமாக இருந்த பாடம்.

டீச்சர் மறுநாள் இரவு உட்கார்ந்து அந்தக் காகிதத்தை வரி வரியாகப் படித்துப் பார்த்தாராம். மூவரும் எந்த வரியையும் மீறியிருக்கவில்லை. ஒழுங்குக்குப் பத்துக்குப் பத்து போட வேண்டியதாயிற்று.

ஆண்டுத் தேர்வு வந்தது. எழுத்துத் தேர்வில் எப்படிப் புரட்டினாலும் பதினைந்துக்கு மேல் தேறாது என்று தவசிக்கனிக்குத் தெரியும். ஒழுங்குக்குப் பத்து இருக்கிறது. முப்பத்தைந்து வேண்டுமென்றால் செய்முறையில் இன்னும் பத்தாவது வாங்கியாக வேண்டும். முந்தின நாள் பொற்கொடி வேறு அவனிடம் வந்து, "அண்ணே, எப்படியாவது தேறிடு. உன்கூட ஒரே வகுப்புன்னா எனக்குத்தான் வெட்கமா இருக்கும்," என்று சொல்லியிருந்தாள். அவனுக்கு அழுகை வந்தது. அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை என்பதால் இன்னும் கொஞ்சம் வந்தது.

செய்முறைத் தேர்வன்று, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட் குறைவு என்பதால் மூன்று பேருக்கு ஒன்று கொடுத்தார்கள். கீழே கூம்புக் குடுவையில் அமிலக் கரைசல். மேலே பியூரெட்டில் கருஊதா நிறப் பெர்மாங்கனேட். சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைக் கலக்க வேண்டும். குடுவையில் நிறம் வந்ததும், எத்தனை மில்லி விட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் முடிந்தது. மற்றவர்கள் அரை மணி நேரத்தில் கிளம்பினார்கள். இவர்கள் குடுவையிலும் அழகான இளஞ்சிவப்பு வந்துவிட்டது.

எழுதப்போன சூசையின் கையைத் தவசிக்கனி பிடித்தான். "காகிதத்தைப் பாரு. நிறம் நிலையாக நின்ற பிறகே அளவைக் குறித்துவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும்."

"நிலையான்னா எவ்வளவு நேரம்ல?"

"அரை நிமிஷம்னு ஏ செக்‌ஷன்காரங்க சொல்லுதாங்க," என்றான் ஐயம்பெருமாள்.

"அரை நிமிஷமா? நம்ம ஊர் பஸ்ஸே ரெண்டு நிமிஷம் நிக்கும். பஸ் நிலையா நிக்குதுன்னு யாராவது சொல்லுவாங்களா?"

"எங்க வீட்டுச் சுவத்துல ஓட்டுக் கேட்டு எழுதினது பதினாலு வருஷமா நிக்குது," என்றான் சூசை. "எங்க அப்பா மூணு தடவை வெள்ளையடிச்சும் போகலை. நிலைன்னா அது நிலை."

மூவரும் குடுவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இருபது நிமிடத்தில் நிறம் வெளுத்துப்போனது. நல்லவேளை எழுதவில்லை என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு இன்னொரு சொட்டு விட்டார்கள். அதுவும் வெளுத்தது. ஒரு மணிக்கு டீச்சர் வந்து அளவைக் கேட்டார்.

"இன்னும் நிக்கலை டீச்சர்."

"இப்போ நிக்குதேப்பா."

"இப்போ நிக்குது. நீங்க அந்தப் பக்கம் போனதும் போயிடும்."

"எனக்காக ஏதாவது ஒரு எண்ணை எழுதிக் கொடு."

"பார்க்காததை எழுதினா ஒழுங்குக்கான பத்து மதிப்பெண்ணும் போயிடும்னு நீங்கதானே டீச்சர் போட்டிருக்கீங்க?" என்றான் தவசிக்கனி. எழுதினாலும் போச்சு, எழுதாவிட்டாலும் போச்சு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். இவர்கள் தேறாவிட்டால் அடுத்த வருஷமும் இவர்களுக்கு அவர்தான் டீச்சர். அதற்கு மேல் அவருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, மூன்று பேருக்கும் தேறுகிற அளவுக்கு மதிப்பெண் போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"மூணு பேரும் பாஸ். வீட்டுக்குப் போங்க."

தவசிக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. "குடுவையை என்ன செய்யணும் டீச்சர்?"

"அதையும் எடுத்துட்டுப் போங்க."

மே மாதம் பலகையில் பெயர் ஒட்டினார்கள். தவசிக்கனி, வேதியியல் சரியாக முப்பத்தைந்து. அவன் அம்மா தெரு முழுக்கச் சீனி கொடுத்தாள். மகனைக் கரைசேர்த்த குடுவை என்று அதற்குக் குங்குமம் வைத்துச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அதன் உள்ளே இருந்த நிறம் போயிருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாடியில். மூவரும் படிக்கட்டு வரை போய் நின்றார்கள்.

"பாஸ் போட்டாங்கல்லா, ஏறுவோம்ல," என்றான் ஐயம்பெருமாள்.

"பாஸ் போட்டது டீச்சரோட நல்ல மனசு," என்றான் தவசிக்கனி. "நிறம் நிக்காம அடுத்ததுக்குப் போகக் கூடாதுல்லா. இதை முடிச்சுட்டுத்தான் மேலே ஏறணும்."

பதினொன்றாம் வகுப்புக்கு முதல் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மூவரும் உள்ளே போய்ப் பியூரெட்டை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டீச்சர் அவர்களைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்து இடத்தில் பொற்கொடி இருந்தாள். தவசிக்கனிக்குத் துளியும் வெட்கமாக இல்லை. தோற்றுப்போய்த் தங்கைக்குப் பக்கத்தில் உட்காருவது வேறு, பாஸாகி உட்காருவது வேறு.

பொற்கொடி சொட்டு விட்டாள், கலக்கினாள், நிறம் வந்தது. அரை நிமிடம் பார்த்தாள், அளவை எழுதினாள், குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். எல்லாம் பத்து நிமிடம்.

தவசிக்கனிக்கு மனசு கேட்கவில்லை. "அவசரப்படுதா," என்றான். "இப்படிச் செஞ்சா எப்படித் தேறுவா?"

"அடுத்த வருஷமும் இதே வகுப்புதான் போல," என்றான் சூசை, வருத்தமாக.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றான் ஐயம்பெருமாள், ஒரு சொட்டு விட்டுக்கொண்டே. "சொல்லிக் குடுக்க நாம இங்கேதானே இருப்போம்."