ஆட்காட்டி சொன்ன ஆட்டம்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. மழைக்காலத்தில்தான் அது ஏரி. மாசி பிறந்துவிட்டால் தண்ணீரெல்லாம் வற்றி, நடுவில் ஒரே ஒரு குட்டை மிஞ்சும். மற்ற இடமெல்லாம் வெடித்த மண்ணும் புழுதியும்தான். அந்தப் புழுதியில் காட்டுப்பன்றிகளும் நரிகளும் வருஷா வருஷம் தேங்காய் ஆட்டம் ஆடும்.

பட்டணத்தில் ரக்பி என்று ஒன்று ஆடுகிறார்களே பிள்ளைகளே, ஏறக்குறைய அதுதான் இது. பந்துக்குப் பதில், வெள்ளத்தில் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்த ஓர் உரிக்காத தேங்காய். அதை வாயில் கவ்விக்கொண்டு ஓடலாம். பின்னால் வருகிறவனுக்குத் தூக்கிப் போடலாம். முன்னால் நிற்கிறவனுக்குப் போடக் கூடாது. எதிராளியின் கோட்டைத் தாண்டித் தேங்காயைத் தரையில் வைத்து அழுத்திவிட்டால் அதற்கு ‘ஊன்று’ என்று பெயர். கோடு என்பது வரிசையாக வைத்த கூழாங்கல்.

நடுவர் ஓர் எருமை. எருமை குரல் கொடுத்தால்தான் ஊன்று. அது குரல் கொடுக்காதவரை ஆட்டம் நிற்காது. மொத்தம் மூன்று ஆட்டம். பொழுது சாயும்போது எந்தக் கூட்டத்துக்கு ஊன்று அதிகமோ, அந்த ஆட்டம் அதற்கு. இரண்டில் ஜெயிக்கிற கூட்டத்துக்குக் கோடை முழுவதும் அந்தக் குட்டை சொந்தம். தோற்ற கூட்டம் தண்ணீருக்கு இரண்டு மலை தாண்டிப் போக வேண்டும். ஆகையால் இரண்டு கூட்டமும் உயிரைக் கொடுத்து ஆடும்.

ஏரிக்கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தது. அதற்கு இந்த ஆட்டம் என்றால் கொள்ளை ஆசை. ஆனால் காலைப் பார்த்தால் ஈர்க்குச்சி. ஒரு தடவை ஆசைப்பட்டு உள்ளே இறங்கி, ஒரு பன்றியின் குளம்பு பட்டு மூன்று நாள் நொண்டியது. அதோடு சரி.

காலுக்குத்தான் சக்தி இல்லையே தவிர, வாய்க்கு என்ன குறை? யார் நடந்தாலும் கத்தும். இலை அசைந்தாலும் கத்தும். “கொஞ்சம் சும்மா இருக்க மாட்டியா” என்று காடே அதைத் திட்டும். அது வாயைத் திறந்தால் முயல்கள் காதை மடித்துக்கொள்ளும். ஆட்காட்டிக்கு இது பழகிப்போயிருந்தது. பழகியதே தவிர, வலிக்காமல் இல்லை.

ஒரு சாயங்காலம் இரண்டு கூட்டமும் பழகுவதற்காக ஆடிக்கொண்டிருந்தன. ஆட்காட்டி வழக்கம்போல் கத்தத் தொடங்கியது. “இடப்பக்கம் ஒரு நரி ஓடுது. பன்றி குறுக்கே விழுது. காய் நழுவிடுச்சு.”

பக்கத்து முள்செடிக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. “அப்புறம் என்ன ஆச்சு அண்ணே?”

எட்டிப் பார்த்தால் ஒரு கவுதாரி. பன்னிரண்டு முட்டையின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

“என்னையா கேட்டே?” என்றது ஆட்காட்டி.

“உங்களைத்தான். நான் எழுந்தா முட்டை ஆறிடும். இங்கே இருந்து ஒண்ணும் தெரியலை. சொல்லுங்க அண்ணே, காய் யாருக்குக் கிடைச்சுது?”

பிறந்ததிலிருந்து ஆட்காட்டியை வாயை மூடச் சொன்னவர்களைத்தான் அது பார்த்திருக்கிறது. அப்புறம் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. அது கடைசிவரை ஒன்று விடாமல் சொன்னது.

மறுநாள் இரண்டு முயல்கள் வந்து முள்செடி ஓரம் உட்கார்ந்தன. அதற்கு மறுநாள் மான்கள் வந்தன. பத்தே நாளில் ஆட்காட்டிக்கென்று ஓர் இடமே கொடுத்துவிட்டார்கள். ஏரி ஓரத்து உயரமான கறையான் புற்று. அதன்மேல் ஏறி நின்றால் மைதானம் முழுக்கத் தெரியும்.

புற்றின்மேல் ஏறியதும் ஆட்காட்டியின் பேச்சே மாறிவிட்டது. “ரசிகப் பெருமக்களே” என்றுதான் தொடங்கும். பேச்சு மட்டுமா? உழைப்பும் உண்டு. காலையிலேயே குட்டைக்குப் போய், சேற்றில் புரளும் பன்றிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளும். இது காது கிழிந்தது, இது வால் மழுங்கினது, இது தலைவன் கருமுகன். இவ்வளவும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தால், பன்றிகள் சேறு பூசிக்கொண்டு மைதானத்தில் இறங்கும்போது எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

குறை சொல்லவும் ஆள் இல்லாமல் இல்லை. “எங்க ஆளைப் பத்தி நாலு வார்த்தை, அவங்களைப் பத்தி நாற்பது வார்த்தையா?” என்று நரிகள் கேட்கும். பன்றிகளும் அதையே கேட்கும். ஒரு நாள் வெயில் கொளுத்தியதால் கூட்டமே வரவில்லை. ஒரு கொக்கு மட்டும் நின்றது, அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது. ஆட்காட்டி அன்றைக்கும் முழு ஆட்டத்தையும் சொன்னது. கவுதாரி கேட்டுக்கொண்டிருந்ததே, அது போதாதா?

ஒரே ஒரு தொல்லைதான் பெரிய தொல்லை. ஆட்டம் சூடுபிடித்தால் எல்லோரும் தேங்காயின்மேல் விழுந்து ஒரு குவியலாகிவிடுவார்கள். புழுதி எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். அப்போது புற்றின் மேலிருந்தும் ஒன்றும் தெரியாது. ஆட்காட்டி வாயை மூடிக்கொண்டு புழுதி அடங்கும்வரை காத்திருக்கும்.

பழகும் ஆட்டங்கள் முடிந்து போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் பன்றிகள் ஜெயித்தன. அன்று மாலையே நரிகளின் தலைவன் செவலை புற்றடிக்கு வந்தது.

“தம்பி, உன் குரலைக் கேட்கத்தான் பாதிக் காடு வருது. தெரியுமா?” என்றது செவலை.

ஆட்காட்டிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. “அப்படியா அண்ணே?”

“பின்னே? ஆனா ஒரு சின்னக் குறை. புழுதி வந்தா நீ ஊமையாயிடறே. அந்த நேரம் மானெல்லாம் கொட்டாவி விடுது. நானே பார்த்தேன்.”

“ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே. என்னத்தைச் சொல்றது?”

“கண்ணு தெரியலைன்னா காது இருக்கு இல்லே? குவியலுக்குள்ளே இருந்து சத்தம் வரும். அதைக் கேட்டு ஒரு போடு போடு. உனக்குத் தெரியாத ஆட்டமா?” என்று சொல்லிவிட்டுச் செவலை போய்விட்டது.

செவலைக்கு ஆட்காட்டிமேல் என்ன திடீர்ப் பாசம் என்று கேட்கிறீர்களா? குவியலுக்குள் இருக்கிற பன்றிகள் புழுதிக்குப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் முட்டும். அவற்றுக்கும் வெளியே நடப்பது ஆட்காட்டி சொல்லித்தான் தெரியும். செவலை இதைக் கவனித்து வைத்திருந்தது. ஆட்காட்டி கவனிக்கவில்லை. அது கொட்டாவி விட்ட மான்களையே நினைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஆட்டம் வந்தது. பொழுது சாயும் நேரம்வரை இரண்டு பக்கமும் ஊன்று இல்லை. கடைசியில் பன்றிகள் தேங்காயை உருட்டி, முட்டி, நரிகளின் கோட்டுக்கு ஒரு முழம் வரை கொண்டுவந்துவிட்டன. எல்லோரும் மேலே விழுந்தார்கள். புழுதி மூடிக்கொண்டது.

ஆட்காட்டி வழக்கம்போல் நிறுத்தப் போனது. கீழே ஒரு மான் வாயைப் பிளந்தது. கொட்டாவியோ, வெறுமனே மூச்சோ, யார் கண்டார்கள்? ஆட்காட்டிக்குப் பதறிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குவியலுக்குள்ளிருந்து, “ஊன்றியாச்சு, ஊன்றியாச்சு” என்று ஒரு குரல் கேட்டது.

“ரசிகப் பெருமக்களே, பன்றிகள் ஊன்றிவிட்டன. ஆட்டம் முடிந்தது” என்று முழங்கியது ஆட்காட்டி.

மான்கள் துள்ளின. குவியலுக்குள் இருந்த பன்றிகள் அதைக் கேட்டன. கேட்டு, முட்டுவதை விட்டுவிட்டு, நிமிர்ந்து உடம்பை உதறிக்கொண்டன. தேங்காய் கோட்டுக்கு இந்தப் பக்கமே கிடந்தது. செவலை அதைக் கவ்வியது. ஒரே ஓட்டம். மைதானத்தின் மறுகோடிக்குப் போய், நிதானமாகத் தரையில் வைத்து அழுத்தியது.

எருமை குரல் கொடுத்தது.

“ஆட்டம்தான் முடிஞ்சுபோச்சே?” என்று கருமுகன் எருமையிடம் ஓடியது.

“நான் குரல் கொடுத்தேனா? இல்லையே. முடிஞ்சுதுன்னு உனக்கு யார் சொன்னது?” என்றது எருமை.

எல்லாத் தலையும் புற்றின் பக்கம் திரும்பின. கருமுகன் புற்றடிக்கு வந்து நின்றது. அது கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஆட்காட்டிக்கு.

“நீ சொன்னே, நாங்க எழுந்தோம்” என்றது கருமுகன். “குட்டை கைவிட்டுப் போச்சுன்னா என் குட்டிங்க இந்த வெயில்லே ரெண்டு மலை தாண்டுமா? இனிமே இந்தப் புற்றுப் பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது.”

ஆட்காட்டி இறங்கிவிட்டது. முள்செடி ஓரம் போய் ஒற்றைக் காலில் நின்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காடு அதன் வாயை விரும்பிக் கேட்டது ஒரு பத்துப் பதினைந்து நாள்தான். அதையும் தானே கெடுத்துக்கொண்டது.

“அண்ணே, அவங்க ஊன்றினதை நீங்க பார்த்தீங்களா?” என்றது கவுதாரி.

“பார்க்கலை. உள்ளே இருந்து கத்தினது கேட்டுச்சு.”

“கத்தினது பன்றியா?”

ஆட்காட்டி யோசித்தது. அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருந்தது. “இல்லே. நரி.”

“பன்றி ஊன்றினா நரிக்கு என்ன சந்தோஷம்? அது ஏன் கத்தணும்?”

ஆட்காட்டிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. உடனே குட்டைக்குப் பறந்து போய்க் கருமுகனிடம் நடந்ததைச் சொன்னது. கருமுகன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இன்னைக்கு இன்னொரு கதையா? போ, போ” என்றது.

அது சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று ஆட்காட்டிக்குத் தோன்றியது. முள்செடிக்கே திரும்பி வந்தது.

மூன்றாவது ஆட்டத்தன்று புற்று காலியாகக் கிடந்தது. ஆட்காட்டி முள்செடி ஓரமே நின்றது. வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தது.

“அண்ணே, மெதுவா எனக்கு மட்டும் சொல்லுங்களேன். முட்டைக்குள்ளே தட்டுற சத்தம் கேட்குது. இன்னைக்கு நான் துளிகூட அசைய முடியாது” என்றது கவுதாரி.

“நான் சொல்றதை நம்புவியா?”

“பார்த்ததைச் சொல்லுங்க. நம்புறேன்.”

சரி என்று ஆட்காட்டி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தது. ஆனால் ஆட்காட்டியின் மெதுவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அது ரகசியம் பேசினால் அடுத்த கரையில் இருக்கிற ஆமை தலையை நீட்டும். மைதானம் முழுக்கக் கேட்டது. கருமுகன் ஒரு தடவை முறைத்துப் பார்த்தது. பிறகு ஆட்ட மும்முரத்தில் மறந்துவிட்டது.

ஆளுக்கு ஓர் ஊன்று ஆயிற்று. பொழுதும் சாய்ந்துகொண்டு வந்தது. மறுபடியும் பன்றிகள் தேங்காயை நரிகளின் கோட்டருகே கொண்டுவந்தன. மறுபடியும் குவியல், மறுபடியும் புழுதி. புழுதி மூடுவதற்கு முன்னால் ஆட்காட்டி ஒன்றைப் பார்த்தது.

“செவலை குவியலிலிருந்து வெளியே வந்துடுச்சு. ஓரமா, ஓடுறதுக்குத் தயாரா நிக்குது” என்றது அது.

அடுத்த நொடி ஒன்றும் தெரியவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஊன்றியாச்சு, ஊன்றியாச்சு.”

மான்கள் முள்செடிப் பக்கம் திரும்பின. “ஊன்றியாச்சா? சொல்லேன்” என்றது ஒரு மான்.

ஆட்காட்டிக்குத் தொண்டை அரித்தது. ஆம் என்றாலும் ஒரு வார்த்தை, இல்லை என்றாலும் ஒரு வார்த்தை. இரண்டில் எதைச் சொன்னாலும் கூட்டம் கேட்கத் தயாராக நின்றது.

“தெரியலை” என்றது ஆட்காட்டி. “புழுதியா இருக்கு. காய் யார்கிட்டே இருக்குன்னு எனக்குத் தெரியலை. எருமை இன்னும் குரல் கொடுக்கலை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“இதைச் சொல்ல ஒரு ஆளா?” என்று ஒரு முயல் சலித்துக்கொண்டது.

குவியலுக்குள்ளே நிமிரப் போன பன்றிகளின் காதிலும் அது விழுந்தது. எருமை குரல் கொடுக்கவில்லையா? அப்படியானால் ஆட்டம் நடக்கிறது. கருமுகன் தலையைத் தாழ்த்தியது. அதன் பின்னால் அத்தனை பன்றிகளும் தலையைத் தாழ்த்தி ஒரே முட்டாக முட்டின. எதிரே தாங்கிப் பிடிக்கச் செவலை இல்லை. அதுதான் சிதறி வரும் தேங்காய்க்காக வாயைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்கிறதே. நரிகளின் வரிசை பொலபொலவென்று உடைந்தது.

புழுதி அடங்கியது. தேங்காய் கோட்டுக்கு அப்பால் ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அதன்மேல் கருமுகனின் மூக்கு அழுத்திக்கொண்டிருந்தது. எருமை நடந்து வந்து, குனிந்து பார்த்து, பிறகுதான் குரல் கொடுத்தது.

செவலையின் முகத்தில் ஈயாடவில்லை.

பன்றிக்குட்டிகள் குட்டையில் விழுந்து புரள ஆரம்பித்தன. கருமுகன் சேறு சொட்டச் சொட்ட முள்செடியருகே வந்தது.

“அடுத்த வருஷம் புற்றிலே ஏறிக்கோ” என்றது.

“நான் ஒண்ணும் சொல்லலையே. தெரியலைன்னுதானே சொன்னேன்” என்றது ஆட்காட்டி.

“அதைக் கேட்டுத்தான் நாங்க எழுந்திருக்கலை” என்று சொல்லிவிட்டுக் கருமுகன் குட்டைக்குத் திரும்பியது.

முள்செடிக்கு அடியில் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. முதல் முட்டை உடைந்திருந்தது. கவுதாரி அப்போதும் எழுந்திருக்கவில்லை.

“அப்புறம் என்ன ஆச்சு அண்ணே?” என்றது. “ஒண்ணு விடாம சொல்லுங்க.”

ஆட்காட்டி இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு, தான் பார்த்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தது.

நீதி: தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லத் துணிந்தவன், தெரிந்ததைச் சொல்லும்போது எல்லோரும் நம்புவார்கள்.