பால் வடியுற கொடி

ஒரு ஊர்ல ஒரு மதினியும் அவ நாத்தனாரும் இருந்தாங்களாம். மதினி பேரு தையநாயகி, ஆத்தங்கரையில பொறந்தவ. நெல்லு தெரியும், வாழை தெரியும், காட்டுச்செடி ஒண்ணும் தெரியாது. நாத்தனா வெள்ளத்தாயிக்கு அந்தப் பொட்டக்காடு முழுக்க அத்துப்படி. ம் சொல்லு கண்ணு.

ஒருநா உச்சிவெயில்ல ரெண்டு பேரும் ஆடு மேச்சுக்கிட்டிருந்தாங்க. அப்போ குட்டி ஒண்ணு மொட்டைக் கிணத்தோரம் போச்சு. வெள்ளத்தாயி விரட்டப் போனா. சர்ர்ருன்னு மண்ணு சரிஞ்சுது. குட்டி தாவிருச்சு, அவ உள்ள போயிட்டா.

தையநாயகி எட்டிப் பாத்தா. நாலஞ்சாள் ஆழத்துல ஒரு வேரப் புடிச்சுத் தொங்குறா. கீழ கறுப்பாத் தண்ணி. மண்ணு பொலபொலன்னு உதிருது.

"மதினி, எனக்கு நீச்சல் தெரியாது."

தையநாயகிக்குத் தெரியும். ஆனா படி இல்லாத கிணறு, குதிச்சா ரெண்டு பேரும் உள்ளதான். சேலைய அவுத்து விட்டா, எட்டல.

"வேலியில கொடிப்பாலை இருக்கும் மதினி. தண்டு கயிறு மாதிரி."

"எப்பிடிடி இருக்கும்?"

"வெத்தலை மாதிரி எலை."

அப்படி ஒரு கொடி இருந்துச்சு. இழுத்தா, படக்குன்னு அந்துபோச்சு. கிணத்தப் பாத்துக் கத்திச் சொன்னா.

"சுருள் சுருளா கை இருந்துச்சா?"

"ஆமா."

"அது வேற. பாலைக்குக் கை கெடையாது. ஒடம்பாலயே சுத்தி ஏறும்."

அப்புறம் இன்னொண்ணு. கை இல்ல, சுத்தித்தான் ஏறியிருக்கு.

"எலை சோடியா இருக்கா?"

"மாறி மாறி இருக்குடி."

"அது சீந்தில். விட்ரு. சோடி எலைய கிள்ளிப் பாரு, பால் வரணும்." கொரலு மெலிஞ்சுபோச்சு. வேரு மடக்குன்னுச்சு.

மூணாவது, கிணத்தோர வேலமரத்து மேல. சோடி சோடியா எலை. ஒண்ணக் கிள்ளுனா. வெள்ளையாப் பாலு, சொட்டு சொட்டா.

"பால் வருதுடி."

உள்ள இன்னும் கொஞ்சம் மண்ணு சரிஞ்சுது.

ம் கொட்டுறியா, தூங்கிட்டியா?

ஆடு மேய்க்கக் கொண்டாந்த பண்ணருவாளால கொடிய சரக் சரக்குன்னு அறுத்தா. மூணு பிரியா முறுக்கி, ஒரு நுனிய மரத்துல கட்டி, மறுநுனிய உள்ள விட்டா. "புடி தாயி." வெள்ளத்தாயி எட்டிப் புடிச்சா. அந்நேரம் வேரு புட்டுக்கிட்டு, தொபுக்குன்னு தண்ணியில விழுந்துச்சு. கொடி விண்ணுன்னு நின்னுச்சு. தையநாயகி குதிகால மண்ணுல ஊனி இழுத்தா, இழுத்தா, இழுத்துக்கிட்டே இருந்தா.

வெள்ளத்தாயி முழங்கைய ஊனி மேல வந்து விழுந்தா. அப்பவும் தையநாயகி விடல. கண்ண இறுக்க மூடிக்கிட்டு இழுக்குறா. உள்ளங்கையில பாலும் ரத்தமும் பிசுபிசுன்னு ஒட்டிக் கெடக்கு.

"விடு மதினி, நான் வந்துட்டேன்."

அவளால விரல விரிக்க முடியல. வெள்ளத்தாயிதான் பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தா.

அவ்வளவுதான்டா கண்ணு. அவ கரையேறிட்டா, கதையும் கரையேறிருச்சு. நீ தூங்கு.